ரூபரேகாவின் குரல்

கோயம்புத்தூர்
12 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய திருமதி அமலி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கிருபாசங்கர். சாய்பாபா காலனியில் இருக்கிறேன். ஆவணப்படம் எடுப்பவன். இதற்கு முன் விசைத்தறிகளைப் பற்றி ஒன்றும் அந்தியூர்க் குதிரைச் சந்தையைப் பற்றி ஒன்றும் எடுத்திருக்கிறேன். சில விழாக்களில் திரையிட்டார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இப்போது எடுத்துக்கொண்டிருப்பது, தொண்ணூறுகளின் கடைசியில் நம் பக்கத்துத் தியேட்டர்களில் காலைக் காட்சியாக மட்டும் ஓடிய 'ஏ' படங்களைப் பற்றி. வெளியே எங்கெங்கோ எடுத்து, கோவையில் ஒரு சின்ன அறையில் வைத்துத் தமிழாக்கிய படங்கள். நடித்தவர்கள், ரீல் வெட்டியவர்கள், ஆபரேட்டர்கள் என்று இதுவரை பதினான்கு பேரிடம் பேசிவிட்டேன். ரூபரேகா என்ற நடிகைக்குப் பதினோரு படங்களில் தமிழ்க் குரல் கொடுத்தவர் நீங்கள் என்று தெரியவந்தது. ஒரு படத்தின் டைட்டிலில்கூட உங்கள் பெயர் இல்லை. யாருமே எழுதி வைக்காத இந்த உழைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

தயக்கம் இருக்கும், எனக்குப் புரிகிறது. அதற்கான ஏற்பாடு எங்களிடம் உண்டு. உங்கள் முகத்தைக் காட்ட மாட்டோம். பெயரை மாற்றிவிடுவோம். நிழலாக உட்காரவைத்து, குரலை மட்டும் பயன்படுத்துவோம். எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம். ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். என் ஃபோன் நம்பர் கீழே இருக்கிறது. ஒரு மிஸ்டு கால் போதும், நான் கூப்பிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிருபாசங்கர்

ஈரோடு
21 ஆகஸ்ட் 2024

திரு. கிருபாசங்கர் அவர்களுக்கு,

நீங்கள் தேடும் அமலி நான் இல்லை என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். உறையில் வைப்பதற்கு முன் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். 'முகத்தைக் காட்ட மாட்டோம், குரலை மட்டும் பயன்படுத்துவோம்' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, "என்னாச்சு அமலி?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டுச் சிரித்தார்.

அவருக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போதே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும், அங்க காப்பியாச்சும் ஒழுங்கா குடுத்தாங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு இருபத்து மூன்று வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை.

தம்பி (எழுத்தைப் பார்த்தால் என்னைவிடச் சின்னவராகத் தெரிகிறது), அந்தப் படங்களில் என் முகத்தை யார் பார்த்தார்கள், நீங்கள் மறைப்பதற்கு? ரூபரேகாவுக்கு முகத்தை மறைத்தால் சரி. எனக்கு மறைக்க வேண்டியதைத்தானே நீங்கள் கேட்கிறீர்கள்? எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஃபோன் வேண்டாம். பேசினால் பதிவாகும். ஞாயிறு பூசையில் எங்கள் மாதா கோவிலில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பவள் நான். இருபது வருடமாகப் படிக்கிறேன். வாரம் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமையே அடுத்த வாரப் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். என் குரலுக்கு இருக்கும் ஒரே இடம் அது. அதைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அதனால் காகிதத்திலேயே பேசுவோம். நீங்கள் ஒன்று கேளுங்கள், நான் ஒன்று கேட்கிறேன்.

என் முதல் கேள்வி. என் விலாசத்தை உங்களுக்குக் கொடுத்தது யார்?

அமலி

கோயம்புத்தூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். எனக்கு நாற்பத்து நான்கு.

சட்டை விஷயத்தில் தலைகுனிகிறேன். அது எல்லோருக்கும் அனுப்பும் கடிதம். விலாசத்தைக் கொடுத்தவர் தேவானந்தம் சார். உங்கள் டப்பிங் அறையின் சவுண்ட் என்ஜினியர். உங்களைப் பற்றி மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

என் கேள்விகள். ஒன்று என்றீர்கள், மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும். எந்தக் கஷ்டம் உங்களை அந்த அறைக்குக் கொண்டுவந்தது? யாராவது கட்டாயப்படுத்தினார்களா? மூன்றாவதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வசனம் சரி. வசனம் இல்லாத இடங்கள் இருக்குமே, அவற்றை எப்படிச் செய்தீர்கள்?

அன்புடன்,
கிருபாசங்கர்

ஈரோடு
15 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

தேவானந்தம் சார் 2019-இல் இறந்துபோனார். கோவை சுங்கத்துக் கல்லறையில் அடக்கம் நடந்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் உங்களிடம் மரியாதையாகப் பேசியது எப்போது?

ஏன் பொய் சொன்னீர்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அடுத்த கடிதத்தில் உண்மை வராவிட்டால் இதோடு முடிந்தது.

எந்தக் கஷ்டம் என்று கேட்கிறீர்கள். ஏமாறத் தயாராகுங்கள். ஒரு கஷ்டமும் இல்லை. அப்பா மில்லில் நிரந்தர வேலையில் இருந்தார். நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரத்துக்குப் பேசப் போனேன். மைக்குக்கு முன்னால் நின்றதும் எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. காதில் ஹெட்ஃபோனை மாட்டினால் வெளியுலகமே அடங்கிவிடும். பிறகு ஒரு சாமி படத்துக்குக் கூட்டத்தில் ஒரு குரலாகப் பேசினேன். பிறகு ரூபரேகாவின் படங்கள் வந்தன. என்ன படம் என்று தெரிந்துதான் போனேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இதை உங்கள் படத்தில் எங்கே வைப்பீர்கள்? சோக இசை போடவும் முடியாதே!

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் கூசினதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதற்கு எங்கள் தொழிலில் 'ரியாக்‌ஷன்' என்று பெயர். அப்போது எங்கள் வீதியில் பத்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். கீழே குழாயில் பிடித்து, மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தூக்க வேண்டும். மைக் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அந்த மாடிப்படியை நினைத்துக்கொள்வேன். முதல் மாடியில் மூச்சு லேசாக வாங்கும், மூன்றாவது மாடியில் பேச முடியாது. தேவானந்தம் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மணி, மூச்சு பத்துல. இன்னொருக்கா எடுத்துப்போடலாமுங்களா?" என்பார். நான் இன்னொரு குடத்தைத் தூக்குவேன். காலைக் காட்சிக்கு வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து கேட்டது தண்ணீர்ப் பஞ்சத்தைத்தான்.

ரூபரேகாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் உதட்டை என்னைப் போலப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு துண்டு ஃபிலிமை நாற்பது தடவை ஓட்டுவார்கள். எந்த எழுத்துக்கு வாய் திறக்கும், எங்கே மூச்சை விழுங்குவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதிக்கொடுத்த வசனத்தை அவர் படப்பிடிப்பில் பேசியதே கிடையாது, தெரியுமா? ஒரு படத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். கன்னடத்தில். அவருடைய ஐந்தாவதோ ஆறாவதோ படத்தில் ஆற்றங்கரையில் ஒரு காட்சி. அதில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதன் மேல் பேசிய வசனம், 'உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா' என்பது.

அவர் இருக்கிறாரா? அவருடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும்? இவை இரண்டும் என் கேள்விகள். மூன்றாவது, பழைய கேள்விதான்.

அமலி

கோயம்புத்தூர்
6 அக்டோபர் 2024

அமலி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

ரூபரேகா இருக்கிறார். போன வருடம் சந்தித்தேன். எந்த ஊர், என்ன பெயர், என்ன செய்கிறார் என்பதை உங்களுக்கும் எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இனி மூன்றாவது. ஜெஃபின் என்று ஒரு பையன் எனக்கு எடிட்டர். ஈரோட்டுக்காரன், உங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவன்தான். போன பிப்ரவரியில் அவன் அம்மா தவறிவிட்டார். அடக்கப் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து வாசகம் படித்தீர்கள். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நீங்கள் ஒரு கணம் நிறுத்துவீர்கள், அக்கா. அந்த நிறுத்தத்தை நான் பத்தொன்பது வயதில் கேட்டிருக்கிறேன். முதல் வருடம் காலேஜ். வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அன்று அந்தப் பூசையை யூடியூபில் நேரலையாகப் போட்டிருந்தார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக. வீட்டுக்கு வந்து அதை இறக்கிக்கொண்டேன். யாரும் பார்க்கக்கூடியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்துண்டுகளுக்கான உரிமையைத் தயாரிப்பாளர் ஐயாசாமியிடம் முன்பே எழுதி வாங்கியிருந்தேன். ரூபரேகாவின் முகம், அதன் மேல் அடக்கப் பூசையில் நீங்கள் படிக்கும் குரல். அதைத்தான் படத்தின் தொடக்கமாக வைத்தேன். இவ்வளவு நல்ல தொடக்கம் என் வாழ்நாளில் அமைந்ததில்லை என்று நினைத்தேன்.

ஜெஃபின் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். திரும்பி வந்து, "அண்ணா, இது எங்கம்மா அடக்கப் பூசைங்க. இதையா இதுக்கு வெக்கறீங்க?" என்றான். அதன் பிறகுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். அனுமதி கேட்பதுபோல எழுதினேனே தவிர, எடுத்துக்கொண்டதற்குப் பிறகுதான் கேட்டேன். குரலை மட்டும் பயன்படுத்துவோம் என்று எழுதியபோது கை தவறி எழுதவில்லை. எனக்கு அந்தக் குரல் வேண்டும் என்ற ஆசை. அதில் உங்களை மறந்துவிட்டேன்.

விலாசம் ஜெஃபினிடம் வாங்கியது. அவனுக்கு உங்கள் பழைய வேலையைப் பற்றி அதுவரை எதுவும் தெரியாது. என்னால்தான் தெரிந்தது.

கிருபாசங்கர்

ஈரோடு
14 அக்டோபர் 2024

கிருபாசங்கருக்கு,

நேற்று ஞாயிறு. தொண்டை சரியில்லை என்று சொல்லி வாசகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து ஆண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியவர்கள் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருபது வருடமாக நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டு இவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நீங்கள் கொண்டுவந்து போட்டுவிட்டீர்கள். உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பூசை முடிகிறவரை அதையே யோசித்தேன். கடைசியில் ஒன்று புரிந்தது. தெரிந்தவர் யாராவது இருந்தால், எங்கே கேட்டேன் என்று அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. மனைவியிடம் சொல்ல முடியாது, சாமியாரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வார். அந்தக் கூச்சம்தான் இத்தனை வருடமும் எனக்கு வேலியாக இருந்திருக்கிறது.

உங்கள் படம் வந்தால் என்ன ஆகும்? நல்ல படமாக இருக்கும், பரிசுகூட வாங்கும். எங்கள் மாதா சபைப் பெண்கள் மொபைலில் பார்ப்பார்கள். "நம்ம அமலி குரலாட்டவே இருக்குது பாருங்க" என்பார்கள். அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, தியேட்டருக்குப் போகவில்லையே, டாக்குமெண்டரி அல்லவா பார்த்தார்கள்! அறிவை வளர்த்துக்கொண்டு வந்து என்னைக் கீழே இறக்குவார்கள். அந்தக் காலைக் காட்சிகள் எனக்குச் செய்யாததை உங்கள் நல்ல நோக்கம் செய்துவிடும்.

நீங்கள் பேசிய பதினான்கு பேரையும் எண்ணிப் பார்த்தேன். நடித்தவர், வெட்டியவர், ஓட்டியவர். பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரே பார்த்த படம், தம்பி. உங்கள் கண்ணில் ஒரு ஆள் படவில்லையா? ஐயாசாமி கையெழுத்துப் போட்டால் ரூபரேகாவின் முகம் கிடைக்கும், யூடியூபில் தேடினால் என் குரல் கிடைக்கும். உங்கள் முகம் எங்கே கிடைக்கும்?

அந்தத் தொடக்கத்தை அழியுங்கள். பிறகு நீங்கள் போய்க் கேமரா முன்னால் உட்காருங்கள். விளக்கெல்லாம் போட்டு, நிழல் இல்லாமல். எந்தத் தியேட்டர், எத்தனை தடவை, ஏன் போனீர்கள் என்று சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

அமலி

கோயம்புத்தூர்
17 நவம்பர் 2024

அமலி அக்காவுக்கு,

அழித்துவிட்டேன். ஜெஃபின் பக்கத்தில் இருந்து பார்த்தான். பூசையின் நேரலையையும் அவன் குடும்பத்தில் கேட்டு யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு யாராவது இறக்கி வைத்திருந்தால் எனக்குத் தெரியாது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

உட்கார்ந்தேன். கேமராவைப் பிடிக்க வேறு யாரையும் கூப்பிட வெட்கமாக இருந்தது. என் மனைவி நந்திதாவிடமே கொடுத்தேன். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு டேக் வீணாயிற்று. மூன்றாவதில், நண்பர்கள் கூப்பிட்டார்கள், போனேன் என்று ஆரம்பித்தேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து நந்திதா, "அவிய கூப்ட்டாங்க, சரிங்க. நீங்க எதுக்குப் போனீங்கன்னு கேட்டேனுங்க" என்றாள். நான் இருநூறு பேரையாவது பேட்டி எடுத்திருப்பேன், அக்கா. ஒருவரிடமும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. ஆறு நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதைப் படத்தில் பார்ப்பீர்கள். படத்துக்கு இப்போது அதுதான் தொடக்கம். நந்திதா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஃபோகஸ் சரியாக இருந்ததா என்று கேட்டாள்.

பிறகு ரூபரேகாவிடம் போனேன். ஐயாசாமியிடம் வாங்கிய உரிமையைப் பற்றி முதல் முறையாக அவரிடம் சொன்னேன். "என் மொகத்தை விக்கறதுக்கு அவரு யாரு?" என்றார். ஒரு துண்டுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். ஆகப் பழைய படங்களிலிருந்து ஒரு ஃபிரேமும் என் படத்தில் இருக்காது. பெரிய ஓட்டைதான். ஆனால் குரலைப் பதிவு செய்துகொள் என்றார். "என் கொரலை யாரு கேட்டிருக்கா? ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிரித்தார். உங்கள் சட்டை அளவு நினைவுக்கு வந்தது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்குப் பேசுனவங்க இன்னும் இருக்காங்களா?" பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன்.

உங்கள் ஆற்றங்கரைக் காட்சியைப் பற்றி, யார் கேட்டது என்று சொல்லாமல் கேட்டேன். உடனே நினைவுக்கு வந்துவிட்டது. தண்ணீருக்குள் ஒரு ஆணி அவர் காலில் ஏறிவிட்டதாம். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தழும்பைக் காட்டினார்.

கிருபாசங்கர்

ஈரோடு
1 டிசம்பர் 2024

கிருபாசங்கர் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

நிறுத்துங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டை நான் நாற்பது தடவை பார்த்தேன். வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று அளவெடுத்தேன். அளவு பிசகாமல் 'உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா' என்று அதை மூடினேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது. தேவானந்தம் சார் கைதட்டினார். எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது தெரியுமா? முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் வலி தெரிந்திருக்கும். நான் உதட்டை மட்டும்தான் பார்த்தேன்.

உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி இதிலே கரைந்துவிட்டது. நீங்கள் எனக்குச் செய்யப் பார்த்ததை நான் அவருக்குச் செய்தே முடித்திருக்கிறேன். இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆணியைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது ஒரு யோசனை. என் குரல் உங்களுக்குக் கிடையாது, அது முடிந்த விஷயம். ஆனால் நான் எழுதின கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. தண்ணீர்க் குடம், டைப்ரைட்டிங், கஷ்டமே இல்லாத கதை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலையும் ஊரையும் வீட்டுக்காரரையும் வெட்டிவிடுங்கள். மிச்சத்தை யாராவது வாசிக்கட்டும். டப்பிங் கலைஞருக்கு ஒரு டப்பிங் ஆள் தேடுங்கள்.

தேட வேண்டாம். ரூபரேகாவைக் கேளுங்கள். அவருக்கு நான் பதினோரு படம் பேசியிருக்கிறேன். எனக்கு அவர் ஒரு படம் பேசட்டும். அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும். முகம் சுளித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள். வாசிக்கும்போது நடுவில் நிறுத்துங்கள் என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள். டைட்டிலில் 'குரல்' என்று போட்டு அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயரைப் போடுங்கள். பெயர் வர வேண்டும். எங்கள் தொழிலில் அது வருவதே இல்லை.

படம் வெளியே போவதற்கு முன் அவர் வாசித்ததை எனக்கு அனுப்புங்கள். சரிபார்ப்பதற்காக இல்லை. கேட்க ஆசையாக இருக்கிறது.

அமலி

கோயம்புத்தூர்
29 ஜனவரி 2025

அமலி அக்காவுக்கு,

கேட்டேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். முதலில் உங்கள் கடிதங்களைத் தானே ஒரு தடவை படிக்க வேண்டும் என்றார். வெட்ட வேண்டியதை வெட்டிக் கொடுத்தேன். தண்ணீர்க் குடம் வந்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆணி வந்த இடத்தில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்து டீயோடு வந்து, "மாட்டுங்க" என்றார்.

இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். விழாவுக்கு அனுப்பும் கடைசித் தேதி போய்விட்டது. பரவாயில்லை.

பென் டிரைவ் இதோடு இருக்கிறது. டைட்டிலில் எந்தப் பெயர் என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் பதில் வரும்வரை படத்தில் ஒன்றையும் முடிவாகப் பூட்டிவிட மாட்டேன்.

கிருபாசங்கர்

ஈரோடு
11 பிப்ரவரி 2025

கிருபாசங்கர் தம்பிக்கு,

பென் டிரைவ் வந்தது. வீட்டில் அதைப் போட ஒன்றுமில்லை. மதியம் கூட்டமில்லாத நேரத்தில் என் வீட்டுக்காரரின் பெட்ஷீட் கடைக்குப் போனேன். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, ஹெட்ஃபோனை என் காதில் வைத்துவிட்டு, "நான் போயி காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று அவர் வெளியே போய்விட்டார். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு ஹெட்ஃபோன் மாட்டுகிறேன். வெளியுலகம் அதேபோல அடங்கியது.

கனமான குரல், தம்பி. என்னுடையதைவிடச் சுருதி நன்றாகக் கீழே இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பும் உண்டு. நான் பதினோரு படத்திலும் அவருக்கு மெல்லிய குரலைக் கொடுத்திருக்கிறேன். எல்லாமே தப்பு. இவர் சொந்தமாகப் பேசியிருந்தால் பாதி வசனத்தை யாரும் எழுதியிருக்கவே மாட்டார்கள். 'ழ' அவருக்கு வரவே இல்லை. குடத்தை நான்தான் தூக்கினேன் என்றாலும், மூச்சு வாங்கும் இடத்தை என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறார்.

இரண்டாவது தடவை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துகிறார். மூச்சை விழுங்கிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்கிறார். ஒவ்வொரு வாக்கியத்திலும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தீர்களே, அந்த நிறுத்தம். அது என்னுடையது இல்லை. அவருடைய உதட்டைப் பார்த்துப் பார்த்து, அவர் நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்திப் பழகியிருக்கிறேன். கல்யாணம் ஆகி, ஊர் மாறி, குழந்தை பெற்று, கோவிலில் வாசகம் படிக்க ஏறியபோதும் அது என்னோடு வந்துவிட்டது. எங்கள் பங்குச் சாமியார்கூட ஒரு தடவை சொன்னார், அமலி நிறுத்திப் படித்தால்தான் வாசகம் மனதில் நிற்கிறது என்று.

அழுதேன். காப்பியோடு வந்தவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனின் ஒரு காதை அவருக்குக் கொடுத்தேன்.

படத்தை முடியுங்கள். என் பக்கத்திலிருந்து தடை இல்லை. ஒப்புதல் படிவத்தில் 'குரல்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'கடிதங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்டோபரிலிருந்து எனக்குத் தொண்டை சரியில்லாமலேயே இருந்தது. சாமியாரிடம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு முதல் வாசகம் எனக்கு. அந்த நிறுத்தத்தை விட்டுவிட்டுப் படித்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை, இப்போது மனமும் இல்லை. தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருந்தால் தலையைக் குனிந்துகொள்ளட்டும்.

ரூபரேகாவிடம் சொல்லுங்கள். அவருடைய ஒன்று இத்தனை வருடமாக என்னிடம் இருந்திருக்கிறது. வாரா வாரம் எடுத்துப் புழங்கியிருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
அமலி